பித்தளைக் குழுவில் உங்கள் பக்கத்து நாற்காலிக்காரர் யார்?

பினாங்கில் ஒரு பித்தளைக் குழுவில் ஆறு வருடமாக யூபோனியம் (சின்ன டியூபா மாதிரி ஊதுகுழல்) வாசிக்கிறேன். சம்பளம் கிடையாது, ஞாயிறு மாலை ஒத்திகை, அவ்வளவுதான். என் பக்கத்து நாற்காலி, குழுவிலேயே பெரிய குழலான டியூபா வாசிக்கும் ஐயாவுடையது. முதல் வருடம் முழுக்க அவர் என்னிடம் பேசியது ஒரே வாக்கியம்: "பென்சில் இருக்கா தம்பி?"

அவர் யார் என்று தெரிந்தது ஒரு சாவில். கூட வேலை செய்யும் சீன நண்பரின் அப்பா தவறிவிட்டார். ஊர்வலத்துக்கு முன்னால் பேண்டு வாத்தியம் போகிறது. வெள்ளைச் சட்டை, தொப்பி, கன்னம் உப்ப நம் ஐயா! என்னைப் பார்த்துவிட்டார். வாய் மவுத்பீஸில் இருந்ததால் புருவத்தை மட்டும் தூக்கினார்.

அடுத்த ஞாயிறு நானாகப் பேச்சுக் கொடுத்தேன். முப்பது வருடமாகச் சாவு பேண்டில் இருக்கிறாராம். "இங்கே உட்கார்ந்து வாசிக்கிறோம், குளுகுளு அறை. அங்கே வெயில்ல நடந்துக்கிட்டே வாசிக்கணும். எது கஷ்டம் சொல்லு" என்றார். முதலில் டிரம்பெட்காரராம். மேல் பல் விழுந்து பல் செட் கட்டியதும் டிரம்பெட் போயிற்று. அந்தச் சின்ன மவுத்பீஸ் உதட்டின் ஒரே இடத்தில் அழுத்தும், பல் செட் நகர்ந்துவிடும். டியூபா மவுத்பீஸின் உள்வட்டம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, 32 மில்லிமீட்டர் அளவுக்கு வரும். உதட்டுக்குக் கொஞ்சம் தாராளம். பிரிட்டிஷ் பாணி பித்தளை பேண்டில் கார்னெட்டிலிருந்து (டிரம்பெட் மாதிரிச் சின்னக் கருவி) டியூபா வரை ஒரே ட்ரெபிள் கிளெஃபில்தான் (எந்தக் கோடு எந்தச் சுரம் என்று காட்டும் குறி) நோட்டு எழுதுவார்கள், பேஸ் டிரம்போன் மட்டும் விலக்கு. அதனால் எந்த நோட்டுக்கு எந்த விரல் என்ற பழக்கம் மாறவில்லை. மூச்சைத்தான் புதிதாகப் பழக வேண்டியிருந்தது என்றார். ஆறு மாதம் ஒரே சுரத்தை நீட்டி நீட்டி ஊதினாராம். வீட்டில் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

உங்கள் குழுக்களில் யார் யார் இருக்கிறார்கள்? சொல்லுங்கள்.

பாயான் லெப்பாஸ், கார்னெட்

நான் பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலை ஆள், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். இடைநிலைப் பள்ளி பஞ்சராகாமில், அதாவது பள்ளி பேண்டில், கற்றுக்கொண்டது. படிப்பு முடிந்ததும் கருவி பள்ளியோடு போய்விட்டது. எட்டு வருடம் உதடு சும்மா கிடந்தது. இப்போது சொந்தமாக ஒரு பழைய கார்னெட் வாங்கியிருக்கிறேன், ஆனால் அடுக்குமாடியில் எங்கே ஊதுவது? இரவு ஷிப்ட் முடிந்து காரை ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு அரை மணி நேரம். ஒருநாள் பாதுகாவலர் வந்து கண்ணாடியைத் தட்டினார். திட்டப் போகிறார் என்று நினைத்தால், "இன்னொரு பாட்டு" என்கிறார்!

எங்கள் பயிற்சியாளர் சொன்ன இங்கிலாந்துக் கதை ஒன்று. யார்க்‌ஷயரில் பிளாக் டைக் துணி ஆலை முதலாளி 1855இல் தொழிலாளிகளுக்காக ஒரு பேண்டு அமைத்தார். ஆலையில் நெய்த துணியிலேயே சீருடை தைத்துக் கொடுத்தாராம். எங்கள் தொழிற்சாலை சிப்பில் என்ன தைப்பார்கள் என்று தெரியவில்லை. லீவு கொடுத்தால் போதும்.

பிறை, டிரம்போன்

நான் பிறை ஊர்க்காரன். எங்கள் வீட்டில் அப்பா, சித்தப்பா எல்லாரும் நாதஸ்வரம். நான் டிரம்போனோடு வந்த அன்று அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சீவாளி எங்கடா?" என்றார். இதில் சீவாளி நம் உதடுதான் என்றேன். நம்பவில்லை, தானே ஊதிப் பார்த்தார். காற்றுதான் வந்தது. ரொம்ப நாளைக்கு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

எனக்கு நேர்ந்த தொல்லை வேறு. டிரம்போனில் இழுத்துத் தள்ளும் குழாயான ஸ்லைடில் ஏழு நிலை உண்டு, ஒவ்வொன்றிலும் சட்டென்று நிற்க வேண்டும். எனக்குக் காதில் ஊறிப்போனது கமகம். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகத்தான் கை போகும். "இது கோயில் இல்லை" என்று நடத்துநர் கத்துவார். கோயிலாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும் ஐயா என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அப்புறம் ஒரு மாதம் என்னை மூன்றாம் டிரம்போனுக்குத் தள்ளிவிட்டார்.

யூபோனியம், திரும்பவும்

பிறைத் தம்பிக்கு ஒரு கும்பிடு. எங்கள் குழுவில் ஏர்கண்டிஷன் பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர் ஹார்ன் வாசிக்கிறார். ஒருமுறை திறந்தவெளியில், எலக்ட்ரானிக் கீபோர்டோடு சேர்ந்து வாசித்தோம். உள்ளே குளிரில் சுருதி சேர்த்துவிட்டு வெளியே வந்தால் எல்லாமே ஏறி நிற்கிறது. கீபோர்டு அசையவில்லை, நாங்கள் அசிங்கப்பட்டோம். அண்ணன்தான் விளக்கினார்: குழாய்க்குள் காற்று சூடானால் ஒலி வேகமாகப் போகும், சுருதியும் ஏறும். ஒன்பது பாகை கூடினால் அரைச்சுரத்தில் கால் பங்கு. "சூடு என் தொழில், கேட்டிருக்கலாம்ல?" என்றார். அதிலிருந்து வெளியே வாசிக்கும் நாளில் அரை மணி நேரம் முன்பே வெயிலில் நின்று கருவியைச் சூடாக்கிக்கொள்கிறோம்.

பிறை, டிரம்போன்

டியூபா ஐயா இன்னும் வாசிக்கிறாரா?

யூபோனியம்

வாசிக்கிறார். போன ஞாயிறு வரவில்லை, ஏதோ சாவு. இந்த ஞாயிறு வந்து உட்கார்ந்ததும் பென்சில் கேட்டார்.