தோப்புக்கு நடுவில் வாழ்பவனுக்கு இயற்கை சார்ந்த உளச்சிகிச்சை எதற்கு?

கேள்வி: திருவட்டாறு வாசகி

என் தம்பிக்கு 31 வயது. ஆறு ஆண்டுகள் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு, சென்ற ஓணத்துக்குச் சற்று முன் ஊர் திரும்பினான். முதலில் உறக்கம் போயிற்று, பிறகு பேச்சு குறைந்தது, இப்போது பகல் முழுவதும் அறையைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான். நாகர்கோவிலில் மனநல மருத்துவர் ஒருவரிடம் காட்டி, மனச்சோர்வு என்று அறிந்து, மூன்று மாதமாக மாத்திரை கொடுத்து வருகிறோம். உறக்கம் திரும்பியிருக்கிறது, முகத்தில் உயிர்ப்பு இன்னும் திரும்பவில்லை. அந்த மருத்துவர் அனுப்பிய உளவியல் நிபுணர், வாரம் ஒரு முறை திறந்த வெளியில் நடந்தபடியே பேசுவது, விளையில் (தோப்பில்) வேலை செய்வது, உணவையும் உறக்கத்தையும் குடும்ப உறவுகளையும் சேர்த்தே கவனிப்பது என்று இயற்கை சார்ந்த ஒரு முழுமையான சிகிச்சை முறையைப் பரிந்துரைக்கிறார். “பலாவும் அயினியும் ரப்பருமாக நாலு பக்கமும் மரம் நிற்கிற விளையில் பிறந்தவனுக்கு மரத்தைக் காட்டக் காசா?” என்று அம்மா கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை. இதற்கிடையில், இயற்கை வாழ்வியல் முகாம் நடத்தும் ஒருவர், மாத்திரையை நிறுத்தினால்தான் இயற்கை வேலை செய்யும் என்கிறார். விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: உளவியல் துறையில் பணிபுரிபவர், நாகர்கோவில்

சகோதரி, முதலில் மாத்திரை. மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள். மனச்சோர்வுக்கான மருந்தைத் திடீரென்று விட்டால் தலைச்சுற்றல், உறக்கமின்மை, எரிச்சல், பதற்றம் ஆகியவை வரக்கூடும். நோயும் திரும்பலாம். இயற்கையோடு இணைந்த உளச்சிகிச்சையை முறையாகச் செய்பவர் எவரும் மருந்தை விடச் சொல்லமாட்டார். நிறுத்தச் சொல்கிறவரிடமிருந்து தம்பியை விலக்கி வையுங்கள்.

உங்கள் அம்மாவின் கேள்வி நியாயமானது. தம்பி விளைக்கு நடுவில் இருக்கிறார் என்றாலும், இன்று அவருடைய உலகம் சாத்திய கதவும் கைப்பேசித் திரையும்தான். மனச்சோர்வு முதலில் பறித்துக்கொள்வது வெளியே இறங்கும் விருப்பத்தை. விருப்பம் வரட்டும், பிறகு இறங்கலாம் என்று காத்திருந்தால் அது வருவதில்லை. சிறிய செயல் ஒன்றைக் குறித்த நேரத்தில் செய்யத் தொடங்கினால், விருப்பம் அதன் பின்னே மெல்ல வரும். உளவியலில் நன்கு சோதிக்கப்பட்ட வழி இது. காலை வெயில் உடம்பின் உறக்கக் கடிகாரத்தைச் சீர்படுத்துகிறது என்பதும் தெளிவாகத் தெரிந்த செய்தி. ஆகவே நீங்கள் கொடுக்கும் காசு மரத்துக்கு அன்று. எந்த அளவில், எந்த வேகத்தில், எதைப் பேசிக்கொண்டு அவரை வெளியே அழைத்துப் போவது என்று அறிந்தவரின் பயிற்சிக்கு.

நடந்தபடி பேசுவதிலும் காரணம் உண்டு. எதிரெதிரே உட்கார்ந்தால் கண்ணைப் பார்த்தாக வேண்டும் என்ற நெருக்கடி இருக்கிறது, குறிப்பாக நம் ஊர் ஆண்களுக்கு. தோளோடு தோளாக நடக்கும்போது மௌனம் உறுத்துவதில்லை. ஆறு ஆண்டுகள் அங்கே என்ன நேர்ந்தது என்பது சானல் (பாசனக் கால்வாய்) கரையில் பாதி வழி போனபின் தானாக வெளிவரலாம்.

ஆய்வுகளையும் அளவோடு சொல்கிறேன். அமெரிக்காவில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 நோயாளிகளின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் ஒப்பிட்டு 1984இல் வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கல் சுவரைக் கண்டவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள், கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. 2015இல் வெளியான இன்னோர் ஆய்வில், இயற்கைச் சூழலில் 90 நிமிடம் நடந்தவர்களிடம், நினைத்ததையே திரும்பத் திரும்ப அசைபோடும் பழக்கம் குறைந்திருந்தது. பரபரப்பான சாலையோரம் நடந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஆனால் இதில் பங்கேற்றவர்கள் மனநோய் இல்லாதவர்கள் என்பதை மறைக்கக் கூடாது. மருந்தோடும் பேச்சோடும் சேர்த்துக்கொள்ளத் தகுந்தது என்பதற்கு இவை போதும். மாற்றாக வைப்பதற்குப் போதா.

தொடங்கும் முன் மூன்றைக் கேளுங்கள். அந்த நிபுணர், மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் (RCI) பதிவு பெற்றவரா? எதிரில் வரும் தெரிந்தவர் “இது யார்?” என்று கேட்டால் என்ன சொல்வதென்று தம்பியோடு முன்பே பேசி வைப்பாரா? சிறிய ஊரில் இரகசியம் காப்பது எளிதன்று. சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்று தம்பியிடம் நேராகக் கேட்டிருக்கிறாரா? அந்த எண்ணம் இருக்கும் காலத்தில் அணை, உயரமான பாலம், ஆழமான நீர் ஆகியவற்றின் பக்கம் அவரைத் தனியே விடக்கூடாது. இரவில் பயமாக இருந்தால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

பதில்: குளச்சல் பக்கத்துக் கடற்கரையிலிருந்து

மேலே சொன்ன எல்லாம் சரி. ஆனால் இயற்கை எல்லோருக்கும் ஆறுதல் என்று எண்ணி இறங்கிவிட வேண்டாம் என்பதற்காகவே எழுதுகிறேன். 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் வீசியபோது கடலில் இருந்த என் அண்ணன் இன்றுவரை திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. சில மாதங்கள் கழித்து, ஆறுதல் சொல்ல வந்த ஒருவர் எங்களைக் கடப்புறத்தில் வரிசையாக உட்காரவைத்துக் கண்ணை மூடி அலையோசையைக் கேட்கச் சொன்னார். எனக்கு மூச்சு அடைத்தது. பக்கத்திலிருந்த அம்மா எழுந்து வீட்டுக்கு ஓடிவிட்டார். நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்த முன்னோர் கடற்கரைப் பெண்களை அறிந்திருந்தார்கள்; வந்தவர் நல்ல மனத்தோடுதான் வந்தார், ஆனால் எங்களை அறிந்திருக்கவில்லை.

பின்னர் வேறொருவரிடம் போனேன். “எந்த இடத்தில் உங்களுக்கு மூச்சு இலகுவாக வருகிறது?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. சித்தி வீட்டருகே தேரூர்க் குளம் என்றேன். நான்கு மாதம் அந்தக் கரையில்தான் பேசினோம். நாரையும் நீர்க்காகமும் இருக்கும், அலை இருக்காது. கடலுக்குப் பிறகே வந்தோம், அதுவும் படிப்படியாக: முதலில் கோவில் முற்றத்திலிருந்து ஓசையை மட்டும் கேட்பது, அடுத்துச் சிலுவை நிற்கும் குருசடி வரை, கடைசியில் மணல். அந்தக் கேள்வியை உங்கள் தம்பியிடமும் கேட்கச் சொல்லுங்கள். வளைகுடாவுக்குப் போகக் கடன் வாங்கியது அந்த ரப்பரின் பேரில் என்றால், அவருக்கு அந்த மரம் நிழலாக இருக்காது.

பதில்: தோவாளைப் பூ விவசாயி

எனக்கும் இந்த நோய் இருந்தது. மாத்திரையும் எடுத்தேன், ஆலோசனைக்கும் போனேன். என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பியது பிச்சி மொட்டு. விடிந்து வெயில் ஏறினால் அது விரிந்துவிடும், சந்தையில் விலை போகாது. அது எனக்காகக் காத்திருக்காது. முதல் வாரம் ஒரே ஒரு வரிசை பறித்தால் போதும் என்றார் ஆலோசகர். அந்த ஒரு வரிசையை முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று, அழுதுகொண்டே பறித்தேன். தம்பிக்குக் கொடுக்கும் வேலை, தள்ளிப்போட முடியாததாகவும் மிகச் சிறியதாகவும் இருக்கட்டும். வீட்டார் யாரும் பக்கத்தில் நின்று கணக்குப் பார்க்க வேண்டாம்.

மீண்டும்: திருவட்டாறு வாசகி

எல்லோருக்கும் நன்றி. குளச்சல் சகோதரி, உங்கள் அண்ணனைப் பற்றி எங்களிடம் சொன்னதற்குத் தனியாக நன்றி. நேற்று இரவு சோறு வைக்கும்போது தம்பியிடம் உங்கள் கேள்வியைக் கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பறளியாற்றில் நாம் குளிக்கப் போவோமே, அந்தக் கரை” என்றான். அது மிக உயரமான மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு அருகில் என்பதால் நிபுணரிடம் உடனே சொன்னேன். அவர் தம்பியோடு தொலைபேசியில் தனியே பேசி, சாவைப் பற்றியும் நேராகக் கேட்டபின், பாலத்தின் பக்கம் போகாமல் கீழ்க்கரையில் மட்டும் நடப்பது என்றும், முதல் இரண்டு முறை நானும் சற்றுப் பின்னால் வருவது என்றும் முடிவு செய்தார். மாத்திரை தொடர்கிறது. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் போகிறோம். மழை பெய்து ஆற்றில் நீர் ஏறியிருந்தால் எங்கள் விளையிலேயே, ரப்பர் நிற்காத பலா மரத்து மூட்டுப் பக்கம்.