கூட்டுறவு சங்கச் செயலாளர் ‘பொது ஊழியரா’? நம்பிக்கை மோசடிப் புகாரில் 409 நிற்குமா?

வரப்புயரம் கேட்டது:

ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நகைக்கடன் கையாடல். பெட்டகத்தைத் திறந்து சரிபார்த்தபோது 14 நகைப்பைகள் இல்லை. பேரேட்டில் 14 கடனும் நிலுவையில் நிற்கிறது. 9 பேர் கடனைக் கட்டி நகையை மீட்டுவிட்டதாக ரசீதைக் காட்டுகிறார்கள். மீதி 5 பேர் கடனே வாங்கவில்லை என்கிறார்கள். கடன் தேதிகள் 2022 முதல் 2025 வரை பரவியிருக்கின்றன.

சம்பந்தப்பட்டவர்கள்: செயலாளர் (சங்கச் சம்பளம்), 2023 வரை பதவியில் இருந்த தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர், அதன்பின் வந்த செயலாட்சியர் (கூட்டுறவுத் துறை சார்பதிவாளர்), நகை மதிப்பீட்டாளர். புகார் வரைவில் எல்லோர் மீதும் ‘பொது ஊழியர்’ என்று போட்டு இந்திய தண்டனைச் சட்டம் 409 (பொது ஊழியர் முதலியோர் செய்யும் நம்பிக்கை மோசடி) எழுதியிருக்கிறார்கள். இது சரியா? 408-க்கும் (எழுத்தர் அல்லது வேலைக்காரர் செய்யும் நம்பிக்கை மோசடி) 409-க்கும் நடைமுறையில் என்ன வித்தியாசம்?

---

வாய்தா_தேதி:

நான்கு பேரையும் ஒரே மூட்டையில் கட்டியதுதான் வரைவின் முதல் தவறு. ஒவ்வொருவரையும் தனியாகப் பாருங்கள்.

409-ல் வரும் ‘பொது ஊழியர்’ என்ற சொல்லுக்கு இந்திய தண்டனைச் சட்டம் 21-வது பிரிவுதான் பொருள் தருகிறது. 1.7.2024-க்குப் பிந்தைய குற்றமென்றால் பாரதிய நியாய சன்ஹிதா 2(28). இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. உங்களுக்கு வேண்டியது அதன் கடைசி உட்பிரிவு: அரசின் பணியில் அல்லது சம்பளத்தில் இருப்பவர்; உள்ளாட்சி அமைப்பு, சட்டத்தால் அல்லது சட்டத்தின் கீழ் நிறுவப்பட்ட கழகம், அரசு கம்பெனி இவற்றின் பணியில் அல்லது சம்பளத்தில் இருப்பவர்.

கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் பதிவானதால் சங்கமும் ‘சட்டத்தின் கீழ் நிறுவப்பட்டது’தானே என்று பலரும் வாதிடுகிறார்கள். அது நிற்காது. எஸ்.எஸ். தனோவா வழக்கில் (1981) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்துவிட்டது. எல்.ஐ.சி., ஸ்டேட் வங்கி போன்றவற்றைப் பெற்றெடுத்ததே ஒரு சட்டம். கூட்டுறவு சங்கம் உறுப்பினர்கள் சேர்ந்து உருவாக்கியது, சட்டம் அதைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்துகிறது, அவ்வளவுதான். அந்த வழக்கில் இருந்தவர் கூட்டுறவு அங்காடிக்கு அயற்பணியில் போன ஐ.ஏ.எஸ். அதிகாரி. அவரே அந்தப் பணிக்காலத்தில் இந்த வரையறைக்குள் வரவில்லை. லல்ஜித் ராஜ்ஷி ஷா வழக்கில் (2000), மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சட்டம் நிர்வாகிகளைப் பொது ஊழியராகக் கருத வேண்டும் என்று சொல்லியும், தண்டனைச் சட்டத்தின் நோக்கத்துக்கு அது போதாது என்றே தீர்ப்பு வந்தது.

நம்மூர் எடுத்துக்காட்டு வேண்டுமா? இரண்டு ரேஷன் கடைகள். ஒன்றை நுகர்பொருள் வாணிபக் கழகம் நேரடியாக நடத்துகிறது, இன்னொன்றைக் கூட்டுறவு சங்கம் நடத்துகிறது. அதே அரிசி, அதே விற்பனை முனையம். ஆனால் வாணிபக் கழகம் அரசு கம்பெனி, அதன் ஊழியர் பொது ஊழியர். கூட்டுறவுக் கடையின் விற்பனையாளர் அப்படி இல்லை. அரசுப் போக்குவரத்துக் கழக நடத்துநர் பொது ஊழியர், அந்தக் கழகங்களும் அரசு கம்பெனிகளே. பெயரில் ‘அரசு’, ‘கழகம்’, ‘சங்கம்’ என்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பதிவுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள்.

ஆக, செயலாளரும் முன்னாள் தலைவரும் மதிப்பீட்டாளரும் 21-வது பிரிவில் வரமாட்டார்கள். செயலாட்சியர் விஷயம் வேறு. அவர் துறையின் சார்பதிவாளராகவே இருந்து, அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டு, கூடுதல் பொறுப்பாக இதைப் பார்த்தால் பொது ஊழியர்தான். சங்கத்துக்கு அயற்பணியில் மாற்றப்பட்டு, சங்க நிதியிலிருந்து சம்பளம் வாங்கியிருந்தால் தனோவா தீர்ப்பைத்தான் முதலில் நீட்டுவார்கள். நியமன ஆணையின் நகலும் சம்பளப் பட்டியலும் இல்லாமல் அவரைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

---

கரிசல்_வக்கீல்:

மேலே சொன்னது சரி. ஆனால் அதைப் படித்துவிட்டு 409-ஐ அடித்துவிடாதீர்கள். அந்தப் பிரிவுக்கு இரண்டு வாசல். ‘பொது ஊழியர் என்ற முறையில்’ என்பது ஒன்று. ‘வங்கியாளர், வணிகர், தரகர், முகவர் முதலிய தொழில் முறையில்’ என்பது இரண்டாவது. ஆர்.கே. டால்மியா வழக்கில் (1962) காப்பீட்டுக் கம்பெனியின் தலைவரே ‘முகவர்’ என்று 409-க்குள் கொண்டுவரப்பட்டார். முகவர் வேலையையே தொழிலாகக் கொண்டவராக இருக்கத் தேவையில்லை என்றது நீதிமன்றம்.

தலைவருக்கு இது ரொம்ப முக்கியம். அவர் சங்கத்தின் எழுத்தரும் அல்ல, வேலைக்காரரும் அல்ல. அதனால் 408 அவருக்குப் பொருந்தாது. முகவர் என்ற வழியில் 409, இல்லையென்றால் வெறும் 406 (சாதாரண நம்பிக்கை மோசடி). செயலாளருக்கு 408 சந்தேகமில்லாமல் பொருந்தும், முகவர் வழியில் 409-ஐ மாற்றாகச் சேர்க்கலாம். வரைவில் ‘பொது ஊழியர் என்ற முறையில்’ என்று மட்டும் எழுதி வைத்தால், அந்த ஒரு வரியைத் தட்டிவிட்டு முழுப் பிரிவையும் நீக்கச் சொல்லி மனுப் போடுவார்கள். ‘சங்கத்தின் நிதியையும் அடகு நகைகளையும் சங்கத்தின் சார்பில் கையாளும் முகவராக இருந்து’ என்று எழுதுங்கள்.

நடைமுறை வித்தியாசம் கேட்டீர்கள். 408-க்கு உச்ச தண்டனை 7 ஆண்டு; 409-க்கு ஆயுள் தண்டனை அல்லது 10 ஆண்டு வரை. புதிய சட்டத்தில் இவை 316(4), 316(5). 7 ஆண்டு வரையுள்ள குற்றத்தில் கைதுக்குப் பதில் முதலில் ஆஜராகச் சொல்லி அறிவிப்புத் தருவதுதான் வழக்கம், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 35(3). ஆயுள் தண்டனைக்கு இடமிருப்பதால் 409-ல் குற்றப்பத்திரிகைக்கு 90 நாள். 408 என்றால் 60 நாள் முடிந்ததும் ஜாமீன் உரிமையாகவே கிடைத்துவிடும். 408-ஐ நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்யலாம், 409-ஐ முடியாது. விசாரிப்பது என்னவோ இரண்டையும் முதல் வகுப்பு நடுவர்தான்.

61-வது நாள் எதிர்த்தரப்பு ஜாமீன் மனுவோடு வந்து நிற்கும்போதுதான் ‘409 பொருந்துமா’ என்ற கேள்வி உண்மையில் சூடு பிடிக்கும். கைது செய்ய வசதி என்பதற்காக மட்டும் 409 போடுவதை நான் ஏற்கவில்லை. பொருந்தாத இடத்தில் போட்டால் முதல் ஜாமீன் உத்தரவிலேயே வழக்கு பலவீனம் என்று எழுத்தில் பதிவாகிவிடும், அது கடைசிவரை துரத்தும்.

---

வரப்புயரம்:

நன்றி. இரண்டு சந்தேகம். ஊழல் தடுப்புச் சட்டத்தில் கூட்டுறவு நிர்வாகிகள் பொது ஊழியர் என்று இருக்கிறதே? இன்னொன்று, செயலாளர் ‘பணம் வாங்குவது காசாளர் வேலை, என் வேலையே அல்ல’ என்கிறார்.

---

பேரேடு_52:

முதல் கேள்வி. 1988-ம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின் வரையறை அகலமானது. வேளாண்மை, தொழில், வணிகம், வங்கி இவற்றில் ஈடுபட்டு, அரசிடம் நிதியுதவி பெறும் அல்லது பெற்ற சங்கத்தின் தலைவர், செயலாளர், பிற நிர்வாகிகள் அதில் வருவார்கள். ஆனால் அந்த வரையறை அந்தச் சட்டத்துக்கு மட்டும். அதைத் தூக்கி 409-க்குள் வைக்க முடியாது. அந்த வழியில் போவதானால் நிதியுதவிக்கு ஆவணம் கட்டாயம்: அரசின் பங்கு மூலதனம், மானியம் வந்த அரசாணை, வங்கிக் கணக்கில் வரவு. ‘எல்லாச் சங்கமும் அரசு உதவி பெறுவதுதானே’ என்று வாய்மொழியாகச் சொன்னால் எடுபடாது.

இரண்டாவது. எஸ்.கே. ராய் வழக்கு (1974) உங்களுக்காகவே வந்தது மாதிரி. எல்.ஐ.சி.யின் ஒரு பிரிவுக் கண்காணிப்பாளர், பிரீமியத்தை ரொக்கமாக வாங்க அதிகாரம் இல்லாதவர், வாங்கி அமுக்கிவிட்டார். நம்பிக்கை மோசடி என்றால் பொருள் முதலில் அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும்; ‘எனக்கு அதிகாரமே இல்லை, ஆகவே ஒப்படைப்பு இல்லை’ என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. பதவியின் பலத்தில் பணம் கைக்கு வந்ததா என்பதே கேள்வி. ரசீதில் செயலாளர் கையெழுத்து இருந்தால் அதுவே போதுமான தொடக்கம்.

இனி கணக்குப் பக்கம். உங்கள் 14 கடனும் ஒரே வகை அல்ல. 9 பேர் கட்டிய பணம் ரசீது தேதியில் ரொக்கப் புத்தகத்தில் வரவு இல்லை. இங்கே கையாடப்பட்டது உறுப்பினர் செலுத்திய பணம். 5 பேர் பெயரில் நகையே இல்லாமல் கடன் போயிருக்கிறது. இங்கே கையாடப்பட்டது சங்கத்தின் ரொக்கம், கூடவே போலிக் கையெழுத்தும் பொய்க் கணக்கும் (477-ஏ, புதியதில் 344). மதிப்பீட்டாளர் இந்த ஐந்தில்தான் சிக்குவார். வராத நகைக்கு எடை எழுதி மதிப்பீட்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டிருப்பார். அவரிடம் எதுவும் ஒப்படைக்கப்படவில்லை என்பதால் அவர் மீது கூட்டுச்சதி, மோசடி என்று போங்கள்.

ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரிசை போட்டு அட்டவணை தயாரியுங்கள்: கடன் எண், தேதி, தொகை, மொத்த எடை, நிகர எடை, வழங்கியவர், ரசீது எண், அந்த நாளின் ரொக்கப் புத்தகப் பக்கம். பெட்டகம் இரட்டைப் பூட்டு. எந்தச் சாவி எந்த நாளில் யாரிடம் இருந்தது என்பதைச் சாவிப் பதிவேட்டிலிருந்து எடுங்கள். விடுப்பு நாளில் சாவி கைமாறியது எழுதப்படாமல் இருந்தால், ஒப்படைப்பு அங்கேயே அறுந்துவிடும். 2023-ல் தலைவரிடமிருந்து செயலாட்சியருக்குப் பொறுப்பு மாறியபோது பைகளை எண்ணிக் கையெழுத்துப் போட்டார்களா? 14-ல் அன்றுவரை வழங்கிய கடன்களின் பைகள் அந்தப் பட்டியலில் இருந்ததாக எழுதியிருந்தால், அவற்றைப் பொறுத்தவரை முன்னவர் தப்பிப்பார், பின்னவர் பதில் சொல்ல வேண்டும். எண்ணாமலே ‘சரி’ என்று எழுதியிருந்தால் அதையும் சாட்சியிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

இன்னும் இரண்டு பொறி. 1.7.2024-க்கு முந்தைய கையாடலுக்குப் பழைய சட்டம், பிந்தையதற்குப் புதிய சட்டம். அட்டவணையை அந்தத் தேதியில் இரண்டாக வெட்டுங்கள். மொத்தத் தொகையை ஒரே குற்றச்சாட்டாக வனைவதென்றால் முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையே ஓராண்டுக்கு மேல் போகக் கூடாது (குற்றவியல் நடைமுறைச் சட்டம் 212(2), புதிய பி.என்.எஸ்.எஸ். 235(2)). மூன்றாண்டுக் கையாடலை ஒரே தொகையாகக் கூட்டி எழுதிய குற்றச்சாட்டு மேல்முறையீட்டில் தேவையில்லாமல் அடி வாங்கும்.

தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81-வது பிரிவு விசாரணை அறிக்கை முடிந்துவிட்டால் துணைப்பதிவாளர் வழியாக வணிகக் குற்றப் புலனாய்வுப் பிரிவுக்குப் போங்கள். அதே சட்டத்தின் 87-ல் தண்டத்தீர்வை (இழப்பைப் பொறுப்பானவரிடம் வசூலிப்பது) நடப்பதோ, செயலாளர் பாதிப் பணத்தைக் கட்டிவிட்டதோ குற்ற வழக்குக்குத் தடையல்ல. கட்டிய தேதியையும் தொகையையும் மறைக்காமல் எழுதுங்கள்.

---

கடல்தாண்டி:

சிங்கப்பூரிலிருந்து. ‘முகவர்’ வாசலை டால்மியா அளவுக்கு எங்கும் திறந்துவிட முடியும் என்று நினைக்க வேண்டாம். இங்கும் அதே 409, திருத்தத்துக்கு முன்வரை அதே பழைய வாசகம். 2018-ல் சிட்டி ஹார்வெஸ்ட் என்ற தேவாலயத்தின் நிதி மோசடி வழக்கில் எங்கள் மேல்முறையீட்டு நீதிமன்றம், நிறுவன இயக்குநர் தொழில்முறை முகவர் அல்ல என்று டால்மியாவிலிருந்து விலகியது. பிறகு சட்டத்தையே திருத்த வேண்டி வந்தது. எதிர்த்தரப்பு இந்தத் தீர்ப்பைக் காட்டினால், இந்திய நடுவரை டால்மியா கட்டுப்படுத்தும், சிங்கப்பூர் தீர்ப்பு கட்டுப்படுத்தாது என்ற பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

---

வரப்புயரம்:

‘பொது ஊழியர்’ என்பதைச் செயலாட்சியருக்கு மட்டும் வைத்து, அதுவும் அவர் நியமன ஆணை கைக்கு வந்தபின் என்று மாற்றிவிட்டேன். தலைவர் மீது முகவர் வழி 409, செயலாளர் மீது 408-ம் மாற்றாக 409-ம். சாவிப் பதிவேட்டில் ஏழு விடுப்பு நாட்கள் கையெழுத்தில்லாமல் கிடக்கின்றன. முதலில் அவற்றுக்கு யார் பொறுப்பு என்று பார்க்கப் போகிறோம்.