லேடீஸ் சீட்டிலிருந்து கஞ்சமலை: 4×5 காமிராவுக்கு டெலிஃபோட்டோ வாங்கலாமா?

அஸ்தம்பட்டி ஸ்டூடியோ

அப்பா விட்டுப்போன மர ஃபீல்டு காமிரா ஒன்று இருக்கிறது, 4×5 அங்குல ஃபிலிம் போடுவது. லென்ஸ் 150 மி.மீ. ஒன்றுதான். போன ஞாயிறு காலை ஆறரைக்கு ஏற்காடு லேடீஸ் சீட்டில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். சேலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கஞ்சமலை, கிரவுண்ட் கிளாஸில் (காமிராவின் பின்பக்க மங்கல் கண்ணாடி) தலைகீழாக, என் சுண்டுவிரல் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது. உயரம் ஒரு அரிசி மணி இருக்கும், அவ்வளவுதான். எனக்கு அந்த மலையே ஃபிரேமை நிறைக்க வேண்டும்.

பெல்லோஸை (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே மடிந்து நீளும் துருத்தி) முழுக்க இழுத்து ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், 310 மி.மீ. வருகிறது. விற்பனைக்கு இரண்டு லென்ஸ் கண்ணில் பட்டன. ஒன்று சாதாரண 300 மி.மீ., எஃப் 9. இன்னொன்று நிக்கான் டெலிஃபோட்டோ 360 மி.மீ., எஃப் 8. விலை நன்றாகவே கூடுதல். தூரத்து மலை என்றால் டெலிஃபோட்டோதானே சரி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாகரமலை

எதற்கு வீண் செலவு? 150-இல் எடுத்து நடுவில் வெட்டிக்கொள்ளுங்கள். பாதிக்குப் பாதி வெட்டினாலும் கிட்டத்தட்ட 5×6 சென்டிமீட்டர் நெகட்டிவ் கையில் இருக்கும். மீடியம் ஃபார்மட்காரர்கள் அதை வைத்துத்தான் காலம் தள்ளுகிறார்கள்.

பழைய காமிரா ரூம்

வெட்டலாம், தப்பில்லை. ஆனால் அதற்கு இவ்வளவு பெரிய பெட்டியை இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்றிக்கொண்டு போவானேன்?

தம்பி, முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நான் முப்பது வருஷம் அச்சகத்தில் பிராசஸ் காமிரா ஓட்டியவன், இந்தப் பேச்சை எத்தனையோ பேரிடம் பேசியாயிற்று. டெலிஃபோட்டோ என்றால் 'தூரத்தைக் காட்டுவது' என்று நினைக்கிறோம். தூரத்தைக் காட்டுவது 150, 300 என்று சொல்கிறோமே, அந்த ஃபோக்கல் லெங்த்தான். 300 சாதாரண லென்ஸும் 300 டெலிஃபோட்டோவும் மலையை ஒரே அளவில்தான் காட்டும். பெல்லோஸ் எவ்வளவு நீள வேண்டும் என்பதில்தான் வித்தியாசம். சாதாரண 300-க்கு மலையில் ஃபோகஸ் வைக்கவே ஏறக்குறைய 300 மி.மீ. இழுக்க வேண்டும். டெலிஃபோட்டோவின் பின்கூட்டுக் கண்ணாடி ஒளியை விரித்து அனுப்புவதால் லென்ஸ் ஃபிலிமுக்குப் பக்கத்திலேயே உட்காரலாம். நீங்கள் சொல்லும் நிக்கான் 360-க்கு 261 மி.மீ. போதும். அதே முன்கூட்டில் பின்கூட்டை மட்டும் மாற்றி மாட்டினால் 500, 720 என்று போகும். அது கெட்டிக்காரத்தனமான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் 500-க்கே 350 மி.மீ. பெல்லோஸ் கேட்கும், உங்களிடம் அது இல்லை.

இப்போது உங்கள் மலைக்கு வருவோம். 150-இல் ஒரு சுண்டுவிரல் என்றால் 300-இல் இரண்டு சுண்டுவிரல். ஃபிலிமின் அகலம் 12 சென்டிமீட்டர், மலை இரண்டு பக்கமும் கொஞ்சம் மூச்சு விட்டு உட்காரும். 360 போட்டால் ஓரம் இடிக்கும். உங்களுக்கு வேண்டியது 300.

பெல்லோஸ்தான் தொல்லை. பத்து மி.மீ. மட்டும் மிச்சம் என்றால் ஒன்பது மீட்டருக்கு இந்தப் பக்கம் எதிலும் ஃபோகஸ் வைக்க முடியாது. அது பரவாயில்லை. ஆனால் பெல்லோஸ் முழுக்க இழுபட்டு விறைத்து நிற்கும், முன்பக்கச் சட்டம் ஆடும், டில்ட் செய்ய, அதாவது லென்ஸைச் சாய்க்க, கொஞ்சமும் இடம் கொடுக்காது. அதற்கு லென்ஸ் போர்டில் (லென்ஸ் மாட்டும் பலகை) 60 மி.மீ. ஆழத்துக்கு ஒரு மரப்பெட்டி செய்து, அதன் மூக்கில் லென்ஸை மாட்டுங்கள். பெல்லோஸ் 240-இலேயே நிற்கும், ஒன்றரை மீட்டர் சொச்சம் வரை ஃபோகஸும் வரும். அடிப்பலகையின் ஓட்டை மட்டும் பெரிதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் படத்தின் மூலை கறுத்துவிடும்.

டெலிஃபோட்டோவில் இன்னொரு எரிச்சலும் உண்டு. டில்ட் செய்தால் கிரவுண்ட் கிளாஸில் படமே நகர்ந்து ஓடிவிடும். சரிசெய்து, மறுபடி டில்ட் செய்து, மறுபடி சரிசெய்து... அதற்குள் வெயில் ஏறிவிடும்.

கடைசியாக என் சொந்த அசட்டுத்தனம். ஒரு தடவை பகோடா பாயின்ட்டில் 450 மி.மீ. லென்ஸோடு ஆறு ஃபிலிம் எடுத்தேன். நீட்டிய பெல்லோஸ் காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. எல்லா நெகட்டிவிலும் மரங்களுக்கு இரண்டு கோடு. காரணம் ஷட்டர் வேகம்தான்: ஐஎஸ்ஓ 125 ஃபிலிம், எஃப் 22, மங்கலை வெட்ட ஆரஞ்சு ஃபில்டர். நல்ல வெயிலிலும் 1/15 செகண்டுதான் கிடைக்கும். ஆட்டம் தெரிவதற்கென்றே பிறந்த வேகம் அது. அதன்பின் 400 ஃபிலிமுக்கு மாறினேன், 1/60-க்குப் பக்கமாகக் கிடைக்கிறது. 4×5-இல் கிரெய்ன் (படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள்) பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். முன்சட்டத்துக்குக் கீழே ஒரு மோனோபாட் முட்டுக் கொடுங்கள், காற்று வரும் பக்கம் வீட்டம்மாவைக் குடையோடு நிற்க வையுங்கள். திட்டு வாங்குவது உங்கள் பாடு.

மிளகுக் கொடி

நான் மேலே எஸ்டேட்டில் இருக்கிறேன் அண்ணா. லென்ஸ் எதுவானாலும் சரி, மாசி பங்குனியில் வராதீர்கள். கீழே சேலமே பால் ஊற்றின மாதிரி இருக்கும், இருபது கிலோமீட்டருக்கு மேல் உள்ள கஞ்சமலையை எந்த ஃபில்டரும் காப்பாற்றாது. ஐப்பசி மழை கொட்டி ஓய்ந்த மறுநாள் காலை வாருங்கள், நம் ஏற்காட்டு அடிவாரத்து வெள்ளைக்கல் சுரங்க மேடுகூடத் துடைத்து வைத்த மாதிரி தெரியும். மலை நமக்குத் தென்மேற்கில் இருக்கிறது. காலையில் சூரியன் முதுகுப் பக்கம், மாலையில் கண்ணுக்கு நேரே. மாலையில் எடுத்தால் வெறும் நிழலுருவம்தான்.

பக்கத்துச் சவுக்கு மரம் முன்னால் வர வேண்டும் என்று ஆசைப்பட்டால் கவனம். 300-இல் எஃப் 22 வைத்து நாற்பது மீட்டரில் ஃபோகஸ் செய்தால் இருபது மீட்டர் முதல் மலை வரை கூர்மையாக வரும். அதற்கும் கிட்டே என்றால் டில்ட்தான்.

அஸ்தம்பட்டி ஸ்டூடியோ

எல்லோருக்கும் நன்றி. 300 எஃப் 9 வாங்கிவிட்டேன். பெட்டிக்குப் பழைய தேக்குக் கட்டில் காலை அறுத்து, சேலம் குகைப் பகுதியில் ஒரு ஆசாரியிடம் கொடுத்தேன். முன்னால் ஓட்டை, பின்னால் பெரிய ஓட்டை என்றதும், "ஏங்க, உண்டியலா? போட்ட காசு பின்னாடி விழுந்துடுமே" என்றார். மூலைகளை நன்றாகவே இணைத்திருக்கிறார், டார்ச் அடித்துப் பார்த்தேன், வெளிச்சம் கசியவில்லை. உள்ளே கறுப்பு அடிக்க இரும்பு கேட்டுக்கு வாங்கின எனாமல் அரை டப்பா மிச்சம் இருக்கிறது, அது போதுமா ஐயா?

பழைய காமிரா ரூம்

வேண்டாம் தம்பி, எனாமல் மினுக்கும், உள்ளே வெளிச்சம் தெறித்து நெகட்டிவ் வெளிறிப்போகும். கரும்பலகைக்கு அடிக்கிற மங்கல் கறுப்பு கால் லிட்டர் வாங்குங்கள். இரண்டு கோட்டிங் அடித்து, வாசனை போகும்வரை ஒரு வாரம் வெயிலில் வையுங்கள், அதற்கப்புறம் லென்ஸ் மாட்டலாம்.