நாடகப் பிரதியின் தாய், மகன் காட்சிகளுக்கு உதவி தேவை

திருகோணமலையில் மேடையேற்றுவதற்காக ஒரு குற்ற நாடகம் எழுதிவருகிறேன். உவர்மலையில் வசிக்கும் விதவைத் தாய், முதுகுவலிக்கென எடுக்கத் தொடங்கிய, அபின் வகை வலிநிவாரணியான திரமடோல் மாத்திரைக்கு அடிமையாகிவிட, அதை வாங்கிக் கொடுக்கும் மகன் வீட்டு உறுதியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள முனைகிறான். அவன் ஒருமுறைகூடக் கை ஓங்குவதில்லை; மாத்திரை அட்டையை மேசையில் வைத்துவிட்டு, "சாப்பிட்டீங்களா அம்மா?" என்று பரிவோடு கேட்பதே சபையை நடுங்கவைக்க வேண்டும்.

எனக்குச் சிக்கலாக இருப்பது தாயின் பாத்திரம். நடிக்கும் அக்கா, திறமைசாலியாக இருந்தும், மாத்திரை கிடைக்காத காட்சியில் வெறியேறியவரைப் போலத் தள்ளாடுகிறார். நான் வாசித்தவரை, இவ்வகை மருந்து நின்றதும் கொட்டாவி, மூக்கொழுகல், வியர்வை, மயிர்க்கூச்செறிவு, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை ஆகியவையே வருகின்றன. இவற்றில் எதை, கடைசி வரிசையில் இருப்பவருக்கும் புரியும்படி, மிகைப்படுத்தாமல் காட்டலாம்? போதை மீட்புச் சிகிச்சையில் பணியாற்றிய தாதியர் எவரேனும் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

சட்டத்தரணிகளிடமும் ஒரு கேள்வி. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், தாய் தன் மகனுக்கெதிராக நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். உளரீதியான துன்புறுத்தலும் அதில் அடங்குகிறது. ஆனால் காயமே இல்லாத இத்தகைய வழக்கில், தானும் மாத்திரைக்கு அடிமையான தாயின் வாக்குமூலம் நடைமுறையில் எவ்வாறு விசாரிக்கப்படும்? இறுதிக் காட்சி இதில்தான் தங்கியுள்ளது. ஒத்திகை அடுத்த மாதம் தொடங்குவதால், அதற்குள் பதிலளித்தால் நன்றியுடையவனாவேன்.