தால்வெக்: ‘ஆற்று நடுக்கோடு’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு,

> தால்வெக் என்பதை ‘ஆற்று நடுக்கோடு’ என்றே எழுதலாம். எல்லோருக்கும் எளிதில் விளங்கும்.

சொல் எளிதுதான், ஐயா. ஆனால் பொருள் மாறிவிடுகிறது. இரு கரைகளிலிருந்தும் சம தூரத்தில் இருப்பதுதான் நடுக்கோடு. தால்வெக் என்பது கலங்கள் செல்லும் ஆழமான ஓட்டம். அது கரையோரமாகவும் போகலாம். ஆறு இரு நாடுகளைப் பிரிக்கும் இடங்களில் இந்த ஓட்டத்தையே எல்லையாகக் கொள்வதுண்டு.

எண்ணூர் முகத்துவாரத்தில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆற்றின் நட்டநடுவில் முழங்கால் அளவுத் தண்ணீர், அடியில் மணல்மேடு. படகின் முனையில் நின்ற பெரியவர் மூங்கில் கழியால் தரையைக் குத்திக் குத்திப் பார்த்து, கரையை ஒட்டியே எங்களை வெளியே கொண்டுபோனார். அவருக்கு நடுக்கோட்டால் என்ன பயன்?

இந்த ஒரு சொல்லுக்காக நாடுகள் மோதியிருக்கின்றன. யூப்ரடீசும் டைக்ரிசும் கூடி ஓடும் ஷத் அல் அரப், சுமார் 200 கிலோமீட்டர் நீளம். பஸ்ராவுக்குக் கப்பல் வரும் வழி அது. 1937 ஒப்பந்தம் ஈராக்–ஈரான் எல்லையை அங்கே பெரும்பாலும் ஈரான் பக்கத்துத் தாழ்நீர்க் கோட்டில், அதாவது நீர் வற்றி இறங்கும்போது கரையைத் தொடும் கோட்டில், வைத்தது. ஈரானின் துறைமுக நகரான அபாதானுக்கு எதிரே தால்வெக். மற்ற பெரும்பாலான இடங்களில் ஈரானியப் படகு கரையை விட்டு நகர்ந்தாலே ஈராக்கின் நீர். 1969இல் ஈரான் அந்த ஒப்பந்தத்தை உதறியது. 1975 அல்ஜியர்ஸ் உடன்பாட்டில் தால்வெக்கே எல்லையாயிற்று. 1980 செப்டம்பர் 17 அன்று ஈராக் அதிபர் சதாம் உசேன் அதைச் செல்லாது என்றார். ஐந்தே நாளில் ஈராக் படை ஈரானுக்குள் புகுந்தது, போர் எட்டு ஆண்டு நீடித்தது.

‘கோடு’ என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது. போட்டால் போட்ட இடத்தில் நிற்பது கோடு. ஆறு மெல்ல மெல்ல ஒதுங்கினால் தால்வெக் எல்லையும் கூடவே ஒதுங்கும். வெள்ளத்தில் திடீரெனப் புது வழி வெட்டிக்கொண்டால் மட்டும் எல்லை பழைய இடத்திலேயே நிற்கும். ஜெர்மன் மூலத்திலும் ‘வெக்’ என்றால் வழிதான். முன்பாதியான ‘தால்’ பள்ளத்தாக்கு. அதை அப்படியே பெயர்த்தால் மலைப்பாதை நினைவுக்கு வரும். ரைன் நதியை 1801இல் லூனேவில் ஒப்பந்தம் பிரித்தபோதும் இந்த வழியைத்தான் எல்லையாகக் கொண்டது.

ஆகவே ‘ஆழ்வழி’ என்று முன்மொழிகிறேன். ஆழ்வழி எல்லை, ஆழ்வழி விதி என்று தொடர்களிலும் இயல்பாக நிற்கிறது. ‘ஓடுகால்’ என்று வந்த பரிந்துரை ஓடுகாலியை நினைவூட்டுவதால் வேண்டாம். நிலவியலார் ஆழமான புள்ளிகளை இணைத்து வரைவதற்கு ‘ஆழ்கோடு’ பொருந்தும். அங்கே அது உண்மையிலேயே கோடு.

காட்டுக்குப்பத்திலோ பழவேற்காட்டிலோ இந்த ஓட்டத்துக்கு மீனவர் வாயில் வழங்கும் சொல் இருந்தால் தெரிவியுங்கள். அது கிடைத்தால் என் சொல்லை விட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
ராயபுரத்திலிருந்து