அந்த அம்மா மன்னித்தாளா? அக்னிப் பிரவேசத் தகராறு

கொள்ளிடம்:
ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' சிறுகதை மன்னிப்புக்கு இலக்கணமாம், தாய் மகளை மன்னித்துவிடுகிறாளாம். யாரோ எழுதியிருக்கிறார், படித்ததிலிருந்து எரிகிறது. மழையில் பஸ்ஸுக்கு நின்ற பெண்ணைக் காரில் ஏற்றிப் போய்க் கெடுத்தவன் ஒருத்தன். அவன் காரோடு போய்விட்டான். இவளை எதற்கு மன்னிக்க வேண்டும்? மன்னித்தாள் என்றே வைத்துக்கொள்வோம், அப்புறம் மகள் தலையில் எதற்குத் தண்ணீரைக் கொட்டினாள்?

விகடன்பிரியன்:
'யாரோ' இல்லை, நான்தான் எழுதினேன். மகளை அடித்த சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டாரிடம் 'மழையில் தெப்பமாக நனைந்து வந்திருக்கிறாள்' என்று மறைக்கிறாளே அந்தத் தாய், அது கருணை இல்லையா? 1966-ல் விகடனில் வந்தபோது இதைத் தாங்க முடியாமல்தான் அத்தனை பேர் கொதித்தார்கள்.

கொள்ளிடம்:
மறைத்தது சரி. தண்ணீருக்குப் பதில் சொல்லுங்கள். அது தண்ணீர் இல்லை, நெருப்பு என்று நினைத்துக்கொள் என்கிறாள். நெருப்பு யாருக்கு? அழுக்கானவளுக்குத்தானே! ஆக, பெண் கெட்டுப்போய்விட்டாள் என்று அம்மாவே தீர்ப்பு எழுதிவிட்டுத்தான் கழுவுகிறாள்.

கரிசல்காரி:
ஐயா, வாயில் மென்றுகொண்டிருந்த சூயிங்கத்தைத் துப்பச் சொல்கிறாளே, அதைப் படித்தீர்களா? அவன் கொடுத்தது எதுவும் மகளிடம் மிஞ்சக் கூடாது என்று பதறுகிற தாய் அவள். அந்தக் காலத்து விதவை, அவள் கைக்கு எட்டியது அந்தத் தண்ணீர்தான். உங்களைப் போல் பெண்ணுரிமை பேசிக்கொண்டா குளிப்பாட்டுவாள்?

கொள்ளிடம்:
கைக்கு எட்டியது என்றால் ஒரு துண்டை எடுத்துத் துவட்டியிருக்கலாமே. தண்ணீர்தான் கேள்வி, நழுவாதீர்கள். இதே விஷயத்தைப் புதுமைப்பித்தன் 'சாப விமோசன'த்தில் முடித்துவிட்டார். சீதை தீக்குளித்ததைக் கேட்ட அகலிகை மறுபடி கல்லாகிறாள். அவளுக்கு யாருடைய மன்னிப்பும் வேண்டியிருக்கவில்லை.

விகடன்பிரியன்:
வந்துவிட்டார் புதுமைப்பித்தன்! போன மாதம் தி. ஜானகிராமன் கதைகளைப் பற்றிய பேச்சிலும் இதையேதான் செய்தீர்கள். உங்களுக்கு ஜெயகாந்தன் மேல் என்ன வஞ்சமோ.

திரைக்கொட்டகை:
சினிமாவில் அம்மா தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றவே இல்லையே?

கரிசல்காரி:
தம்பி, 1977-ல் வந்த படம் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அது இந்தக் கதையையே வேறு முடிவோடு வளர்த்து ஜெயகாந்தன் எழுதிய நாவல். அதில் அம்மா ஊரறிய அழுது தீர்க்கிறாள், அந்தப் பெண் கங்காவை அண்ணன் வீட்டைவிட்டே துரத்துகிறான். கருணை இல்லாவிட்டால் ஒரு பெண் என்ன ஆவாள் என்று எழுதிக் காட்டிவிட்டாரே ஜெயகாந்தன். 1972-ல் சாகித்ய அகாதமி பரிசு சும்மாவா வந்தது?

கொள்ளிடம்:
பரிசைக் காட்டி வாயை அடைக்க வேண்டாம். அந்த நாவலே என் கட்சிக்குத்தான் சாட்சி. ஒரு குடம் தண்ணீர் கிடைத்தவள் தப்பித்தாள், கிடைக்காத கங்கா வாழ்நாளெல்லாம் பட்டாள் என்றால், ஒரு பெண்ணின் வாழ்க்கை அம்மாவின் குடத்திலா இருக்கிறது?

விகடன்பிரியன்:
ஆமாம், அன்றைக்கு அங்கேதான் இருந்தது. அதைத்தான் அவர் எழுதினார்.

கொள்ளிடம்:
எழுதினார், சரி. அதை மன்னிப்பு என்று நீங்கள் கொண்டாடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தண்ணீருக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

கரிசல்காரி:
சொல்லியாயிற்று. மேலே போய்ப் படியுங்கள்.