1900க்கு முன்னாடி பேஸ்பால்ல யாரு பெரிய ஆளு?

பழைய ஸ்கோர்புக்:
ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். என் ஓட்டு ராட்பர்ன்ங்கிற பிட்சருக்கு (பந்து எறியறவர்), அதுவும் 1884ங்கிற அந்த ஒரே சீசனுக்காக. பிராவிடன்ஸ் டீம்ல உருப்படியா இருந்ததே ரெண்டு பிட்சர், அதுல ஸ்வீனி ஜூலைல சண்டை போட்டுட்டுக் கிளம்பிட்டான், டீமையே கலைச்சிடலாமான்னு பேச்சு வந்தப்போ நான் போடறேன்னு நின்னவர் ராட்பர்ன். 678 இன்னிங்ஸ் (ஒரு மேட்ச்சுக்கு ஒன்பதுதான்), 441 ஸ்ட்ரைக் அவுட் (பேட்டரை மூணு ஸ்ட்ரைக்ல வெளிய அனுப்பறது), 59 வெற்றி (பழைய புத்தகங்கள்ல 60ன்னு இருக்கும்). கை வலில, கை தூக்கி தலை சீவக்கூட முடியாதாம். மேட்ச்சுக்கு ரொம்ப முன்னாடியே கிரவுண்டுக்குப் போயி, முதல்ல சில அடி தூரத்துக்கு சும்மா தூக்கிப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி தள்ளிப் போயி, கை சூடானதும்தான் ஆட வருவாராம். இப்படி ஒருத்தரை இனிமே பாக்க முடியுமா?

கரிகாலன்77:
அண்ணே, அப்போ பிட்சர் நின்னது 50 அடில. ஆறு பால் தப்பாப் போட்டாதான் வாக், அதாவது பேட்டருக்கு முதல் பேஸ் சும்மா கிடைக்கும். 1893ல 60 அடி 6 அங்குலம்னு தள்ளி வெச்சதும் எத்தனையோ பேர் கதை முடிஞ்சுது, கிட் நிக்கல்ஸ்ங்கிற பிட்சர் மட்டும் அசரவே இல்ல. 1891லேருந்து 98க்குள்ள ஏழு சீசன்ல 30 வெற்றி, அதுக்கு மேலயும். 1890கள்ல மட்டும் 297. சை யங் பேர்ல சிறந்த பிட்சருக்கு அவார்டே இருக்கு, ஆனா அந்தப் பத்து வருஷத்துல அவரே நிக்கல்ஸுக்குப் பின்னாடிதான்.

பழைய ஸ்கோர்புக்:
50 அடி சரிப்பா, ஆனா பேட்டருக்கும் அப்போ ஒரு சலுகை இருந்துச்சே, பாலை மேலாப்புல போடு, கீழாப்புல போடுன்னு கேட்டு வாங்கலாம், 1887லதான் அதை எடுத்தாங்க. அதை விட்டுட்டு தூரத்தை மட்டும் பேசுனா எப்படி?

சிகாகோவாசி:
பிட்சர் பிட்சர்னே பேசறீங்க. கேப் ஆன்சன் 1876லேருந்து 97 வரைக்கும் சிகாகோன்னு ஒரே டீம், 22 சீசன், கேப்டனா அஞ்சு பட்டம், 3000 ஹிட்டை முதல்ல தொட்டவர். டெலஹான்டி 1896ல ஒரே மேட்ச்ல நாலு ஹோம் ரன் அடிச்சார், ரோஜர் கானரோட 138 ஹோம் ரன்னை பேப் ரூத் வந்துதான் தாண்டினார், எல்லாம் பெரிய ஆளுங்கதான். ஆனா அந்த நூற்றாண்டுக்கு ஒரே முகம்னா ஆன்சன்.

தமிழரசி:
அந்த முகத்தோட மறுபக்கத்தையும் பேசணும். 1883ல எதிர்த்து ஆட வேண்டிய டொலீடோ டீம்ல கறுப்பின கேட்சர் (பேட்டருக்குப் பின்னாடி நின்னு பாலைப் பிடிக்கறவர்) ஃப்ளீட்வுட் வாக்கர் இறங்கினா ஆட மாட்டேன்னு ஆன்சன் மிரட்டினார், டிக்கெட் பணம் போயிடும்னதும் வாயை மூடிட்டு ஆடினார். 1887 ஜூலைல நூவர்க்ல அவர் நெனச்சது நடந்துச்சு, நூவர்க் டீமோட கறுப்பின பிட்சர் ஜார்ஜ் ஸ்டோவியை பிட்ச் பண்ண விடல. நூவர்க் ஆடின இன்டர்நேஷனல் லீக் ஓனருங்களும் அதே நாள்ல கூடி, இனி கறுப்பின ஆட்டக்காரங்க யாருக்கும் புது ஒப்பந்தம் கிடையாதுன்னு ஓட்டுப் போட்டாங்க.

சிகாகோவாசி:
ஆன்சன் செஞ்சது தப்பு, நான் மறைக்கல. ஆனா கதவைச் சாத்தினது ஓனருங்களும் சேர்ந்துதானே. ஒருத்தர் தலையில மட்டும் கட்டினா எப்படி? அதுவும் ஆட்டத்தைத்தானே எடை போடறோம், ஆளை இல்லையே.

தமிழரசி:
நான் பேசறதும் ஆட்டத்தைத்தான் ண்ணா. ஃபிராங்க் கிராண்ட்னு ஒருத்தர், பஃபலோல செகண்ட் பேஸ் (ரெண்டாவது பேஸைக் காக்கற இடம்), 1886லேருந்து 88 வரை மூணு சீசனும் பேட்டிங் சராசரி .300க்கு மேல, அதாவது பத்துக்கு மூணு ஹிட்டுக்கு மேல. பேஸைத் தொட சறுக்கிட்டு வர்றவனுங்க ஷூ ஆணியால அவர் காலைக் குத்திக் கிழிக்கறாங்கன்னு, மரப்பலகையை காலுக்குக் கவசமா கட்டிக்கிட்டு ஆடினதா சொல்வாங்க. ரன்னர் வர்றப்போ பாலையும் பாக்கணும், காலையும் காப்பாத்தணும். அதுல .300! பெரிய லீக்ல ஒரு நாள்கூட ஆட விடல. கடைசிக் காலத்துல வெயிட்டர் வேலை, 1937ல செத்தப்போ கல்லறைக்குக் கல்லுகூட வெக்கல, பெரிய ஆட்டக்காரங்களை கௌரவிக்கற ஹால் ஆஃப் ஃபேம்ல சேத்தது 2006லதான். ஆன்சனோட நம்பரெல்லாம் இவங்களை வெளிய நிறுத்திட்டு எடுத்த நம்பர். அதை வெச்சு நூற்றாண்டுலயே பெரிய ஆளுன்னு எப்படி ஒத்துக்கறது?

கரிகாலன்77:
அப்படிப் பாத்தா நிக்கல்ஸ், ராட்பர்ன் நம்பரும் அதே லீக்ல எடுத்ததுதானே அக்கா?

தமிழரசி:
ஆமா, அதுலயும் குறை இருக்கு. ஆனா மூடின வீட்டுக்குள்ள இருந்தவனும் கதவைப் பிடிச்சு இழுத்தவனும் ஒண்ணு இல்ல தம்பி.

பழைய ஸ்கோர்புக்:
ராட்பர்னை நான் விடப் போறதில்ல. ஆனா 1900க்கு முந்தின என் டீம் லிஸ்ட்ல செகண்ட் பேஸ் காலியாத்தான் கிடந்துச்சு, அங்க கிராண்ட் பேரை எழுதிட்டேன். ஃபர்ஸ்ட் பேஸ்ல இருந்த ஆன்சனை அடிச்சிட்டு கானரைப் போட்டிருக்கேன், சிகாகோவாசி கோவிச்சுக்காதீங்க.